பத்தொன்பதாம் நாற்காலி

எங்கள் அறிஞர் சபையின் நாற்காலிகளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் யாராலும் நிம்மதியாக உட்கார முடியாது, ஐயா. முதுகுச் சட்டத்தில் பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். சாய்ந்தால் தோளில் உறுத்தும். மெத்தை வைக்கலாம் என்று என் காலத்திலேயே பேச்சு வந்தது, தோற்றுவிட்டது. உறுத்துவது முன்னோர்களின் பெயர்கள் என்பதால் பொறுத்துக்கொள்கிறோம்.

அரசர் காலத்தில் முப்பது நாற்காலிகள் போட்டார்கள். குடியரசிலும் அதே முப்பதுதான். ஒருவர் இறந்தால்தான் அந்த இடத்துக்கு இன்னொருவர். ராஜினாமா கிடையாது, நீக்கமும் கிடையாது. என்னுடையது பத்தொன்பதாவது. அதன் தகட்டில், வால்நட்சத்திரங்கள் பூமி விடும் ஏப்பம் என்று நிரூபித்த ஓர் ஆயர் இருக்கிறார். பட்டுப்புழுக்களுக்குத் தினமும் வயலின் வாசிக்க ஆள் வைத்த ஒரு பிரபு இருக்கிறார். புரட்சியில் தலை போன ஒரு கணித ஆசிரியரும் இருக்கிறார். புதிதாக வருகிறவர், தனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரைப் பற்றி ஒரு மணி நேரம் புகழ்ந்து பேச வேண்டும் என்பது எங்கள் விதி. கணித ஆசிரியருக்கும் பேசினார்கள். வெளியே சதுக்கத்தில் தலைவெட்டும் எந்திரம் நின்றுகொண்டிருக்க, உள்ளே ஒரு மணி நேரம், கழுத்து என்ற சொல்லே வராமல் பேசி முடித்தார்களாம். இன்றும் எங்களுக்கு அதில் பெருமை உண்டு.

நான் நிரந்தரச் செயலாளர். வியாழக்கிழமைக் கூட்டம் முடிந்ததும் உறுப்பினர்களுக்கு வால்நட் மது ஊற்றுவது என் வேலை. ஒவ்வொருவருக்கும் அவரவர் நாற்காலி எண் செதுக்கிய கோப்பை. வேறொருவர் கோப்பையை யாரும் தொடமாட்டார்கள். அப்படித் தொடுவதை எங்கள் ஆட்கள் பெரிய அநாகரிகமாக நினைப்பார்கள்.

அந்த மதுவைச் செய்வது மத்துரேன். நீங்கள் சிறையில் வைத்திருக்கும் அதே மத்துரேன்தான். அவன் வீட்டுக் கொல்லையில் ஒரு பெரிய வால்நட் மரம் இருக்கிறது. வருடம் தவறாமல் கூடை கட்டிப் புட்டிகளை எங்களுக்கு அனுப்பிவைப்பான். அதைக் குடிக்கும் மேஜையில் மட்டும் அவனுக்கு இடம் இல்லை.

எனக்கு இந்த நாற்காலி கிடைத்ததே அவனால்தான். அதை நான் என்றைக்கும் மறைத்ததில்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். இளவயதில் ரோன் நதியின் விலாங்கு மீன்களைப் பற்றி நாங்கள் இருவரும் ஆராய்ந்தோம். இடுப்பளவு சேற்றில் இறங்கியது அவன். கரையில் உட்கார்ந்து எழுதியது நான். இரண்டு பெயரில் வரும் நூலை வைத்துக்கொண்டு சபைக்குப் போட்டியிட முடியாது என்பதால் என் பெயரில் மட்டும் வெளியிட்டோம்.

"நீ முதல்ல உள்ள போடா, பிலிபேர்," என்றான். "அடுத்து காலியாகறது எனக்கு. எங்க ஓடிடப் போகுது நாற்காலி?"

நாற்காலி ஓடவில்லை. அதில் இருந்தவர்களும் நகரவில்லை. அறிஞர்களுக்கு ஆயுசு கெட்டி. எப்போதாவது ஓர் இடம் காலியானால் அதற்கு ஒரு மந்திரியின் மைத்துனர் தயாராக இருப்பார். இப்படியே காலம் போய், அவன் மீசையும் நரைத்துவிட்டது. எழுபது வயது ஆனவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று இன்னொரு விதி இருக்கிறது. அவனுக்கு எழுபது நெருங்கியது. கேலியாகத்தான் சொல்வான், ஆனால் சொல்லும்போது கண்ணைத் தாழ்த்திக்கொள்வான்: "ஒரு பித்தளைத் தகட்டுல என் பேரு வரணும்டா. கல்லறையில எல்லாருக்கும்தான் வருது."

எனக்கு மனசு கேட்கவில்லை. பட்ட கடனை அடைக்காமல் நிம்மதியாகத் தூங்குகிறவன் இல்லை நான்.

பாதிரியார் அந்தெல்முக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. கூட்டத்தில் பாதி நேரம் குறட்டைதான். மீதி நேரம், பேசுபவரின் பெயரைப் பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொண்டிருப்பார். என் தோட்டத்தில் வளரும் செடி எது என்று உங்கள் மருத்துவர் ஏற்கனவே எழுதியிருப்பார், நான் திரும்பச் சொல்லவில்லை. அவருடைய ஏழாம் எண் கோப்பையில் அன்று மது கொஞ்சம் கசப்பாக இருந்திருக்கும். அவருக்கு நாக்கு மரத்துப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தார், எழுந்திருக்கவில்லை. ஊரே நல்ல சாவு என்றது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மத்துரேன் விண்ணப்பித்தான். வழக்கப்படி ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் கறுப்புக் கோட்டும் கையுறையுமாகப் போய்த் தலை தாழ்த்திவிட்டு வந்தான். என் வீட்டுக்கும் வந்தான், விதி என்றால் விதிதான். வாசலில் நின்று, "செயலாளர் அவர்களே, தங்கள் தயவு வேண்டும்," என்றான். இருவரும் சிரித்துவிட்டோம்.

எங்கள் வாக்கெடுப்பு எப்படி என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஒரு மரப்பெட்டி, அதன் வாயில் தோல் உறை. ஆளுக்கு ஒரு வெள்ளை உருண்டை, ஒரு கருப்பு உருண்டை. கையை முழங்கை வரை உள்ளே விட்டு, எதைப் போடவேண்டுமோ அதைப் பெட்டியின் வலது குழியில் போடுவோம், வேண்டாததை இடது குழியில். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. வலது குழியில் ஒரே ஒரு கருப்பு இருந்தாலும் ஆள் தோற்றார்.

ஒரே ஒரு கருப்பு இருந்தது. பிறகு அந்த இடத்துக்குத் தொப்பிகளின் வரலாற்றை எழுதிய ஒருவர் வந்தார்.

அடுத்த ஞாயிறு மதியம் அவன் வீட்டில் பூண்டு சூப். அவன் மனைவி ஒனோரின் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"மொத்த சபையும் என்னை வேண்டாம்னு சொன்னா மனசு ஆறிடும்டா," என்றான். "ஒரே ஒருத்தன். அவன் யாருன்னு தெரிஞ்சா போய்க் கையைக் குலுக்குவேன். இந்த வயசுல என்னை இவ்வளவு அக்கறையா நெனச்சுக்கிட்டிருக்கறவன் வேற யாரு இருக்கா, சொல்லு?"

ஏதாவது பதில் சொல்லவேண்டியிருந்தது. "எனக்கு அந்த வியார் மேலதான் சந்தேகம்," என்றேன். வியார் படையிலிருந்து ஓய்வு பெற்றவர், எல்லோரையும் ஏசுவார், ஆகவே யாரும் மறுக்கமாட்டார்கள். சொன்ன பிறகு அதை அப்படியே விட்டுவிடுவதும் சரியாகப்படவில்லை. குளிர்காலத்தில் வியாரின் இடம் காலியானது.

மத்துரேன் மறுபடியும் கோட்டை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினான். மறுபடியும் ஒரு கருப்பு.

"என்னடா இது," என்றான் சூப்பை ஆற்றிக்கொண்டே. "மனுஷன் செத்தும் வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போறாரா?" சிரிக்கத்தான் பார்த்தான், ஆறிப்போன சூப்பை மறுபடியும் ஊதினான். அதைப் பார்த்து என் சூப்பை நான் பாதியிலேயே வைத்துவிட்டேன். இதை நீங்கள் நம்பவேண்டும்.

ஒனோரின் சிரிக்கவில்லை. என் தட்டை எடுக்க வந்தவள் எடுக்காமலே நின்றாள். "அண்ணே, நீங்க அங்க எல்லாத்துக்கும் தலைக்கு மேல இருக்கறவரு. அந்த ஒருத்தரு யாருன்னு உங்களுக்குமா தெரியல?"

"ரகசிய வாக்கும்மா," என்றேன்.

"இவரு சேத்துல நின்னு வாங்கிக்கிட்ட மூட்டுவலி இன்னும் போகல, அண்ணே. அதை மட்டும் மறந்துடாதீங்க."

மறக்கவில்லையே. மறந்திருந்தால் கோத்ரானிடம் ஏன் போகிறேன்? கோத்ரான் நல்ல மனிதர், நாணயங்கள் சேகரித்தவர், மத்துரேனைச் சபைக்கு முன்மொழிந்தவரே அவர்தான். அவரை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தம். ஆனால் அந்தப் பருவத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்து போயிருந்தது. வேறு யார் இறந்தாலும் ஊர் கேள்வி கேட்டிருக்கும். மூன்றாவது தேர்தல் அவருடைய இடத்துக்குத்தான் நடந்தது. மூன்றாவது கருப்பும் விழுந்தது.

கோத்ரானின் அண்ணன் மகள் மருத்துவம் படித்தவள் என்பது எனக்குத் தெரியாது. அவள் உடலைத் தோண்டி எடுக்கச் சொன்னாள். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்: மதுவில் நஞ்சு, மது மத்துரேன் வீட்டிலிருந்து வந்தது, மூன்று சாவிலும் அவனுக்குத்தான் ஆதாயம். அவன் மீது சந்தேகம் விழும் என்று எனக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. வேறு மதுவில் கலக்க வாய்ப்பே இல்லையே, ஐயா, எங்கள் சபையில் வேறு மது கிடையாது.

அவனைப் பிடித்துக்கொண்டு போன பிறகும் நான் சில நாள் வரவில்லைதான். உண்மை தானே வெளிவரும் என்று காத்திருந்தேன். நேற்றுச் சந்தை முனைக் கடையில் காப்பி குடிக்கும்போது பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"மத்துரேன் ஆளு மூளைக்காரன்யா. மூணு பெரிய மனுஷங்கள சத்தமே இல்லாம முடிச்சிருக்கான்."

"அந்தச் செயலாளரும்தான் கூட இருந்தாரே?"

"அவருக்கு இதெல்லாம் எங்க வரும்? கரையில உக்காந்து எழுதற ஆளு."

காப்பியை அப்படியே வைத்துவிட்டு நேராக இங்கே வந்தேன். வேலை செய்தது ஒருவன், பெயர் இன்னொருவனுக்கு என்றால் அந்த அநியாயத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

நீங்கள் கொலைகளைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். உருண்டையைப் பற்றிக் கேட்கவில்லை. அது சட்டப்படி குற்றம் அல்ல என்பதால் இருக்கலாம். ஒனோரின் என்றாவது கேட்டால் சொல்லுங்கள். மூன்று முறையும் அது என்னுடையது.

அப்படிப் பார்க்காதீர்கள். இடம் உண்டாக்கித் தருவது நட்பு. வாக்கு என்பது வேறு, அது மனச்சாட்சி. உறைக்குள் கையை விடும்போது நண்பன் என்று பார்க்கக் கூடாது, அதற்காகத்தானே அந்த உறையே இருக்கிறது. விலாங்கு நூலின் இரண்டாம் பகுதியில் அவன் சேர்த்த சான்றுகள் கொஞ்சம் பலவீனமானவை. என் பெயரில் வந்தபோது யாரும் கவனிக்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். உள்ளே வருகிறவர் முதல் நாள் தன் பணியைப் பற்றிச் சபை முன்னால் சொல்லவேண்டும். அவன் சேற்றைப் பற்றிச் சொல்வான், என்னைப் பற்றியும் நன்றியோடு சொல்வான். அதற்கும் நான் போட்ட உருண்டைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். வழக்கைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். வசந்தத்தில் மத்துரேனுக்கு எழுபது நிறைகிறது. அதற்குள் என் தலை போனால் பத்தொன்பதாவது காலியாகும். வாக்கெடுப்பில் நான் இருக்கமாட்டேன், ஆகவே இந்த முறை எல்லாம் வெள்ளையாகவே விழும். பிறகு அவன் எழுந்து நின்று என்னைப் பற்றி ஒரு மணி நேரம் புகழ்ந்து பேசவேண்டும். அவனுக்கு அது ஒன்றும் சிரமமாக இருக்காது. நான் அவனுக்குச் செய்ததைச் சொன்னாலே போதும்.