ஆஷாவின் ஸ்டூல்

எல்லோருக்கும் ஸ்டூல் வேண்டும் என்று மட்டும் கேட்காதே என்று நீங்கள்தான் சொன்னீர்கள், குற்றாலலிங்கம் அண்ணாச்சி. "ஒருத்திக்குக் கேளு மக்ளே, குடுப்பான். எல்லாத்துக்கும் கேட்டா ஒருத்திக்கும் கெடைக்காது, கேட்டியா?" நீங்கள் சங்கச் செயலாளர், பழக்கம் உண்டு. நான் எல்லோருக்கும் கேட்டேன்.

பழவங்காடி ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில், காலை கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை நிற்கிறோம். உட்காரும் உரிமை சட்டத்தில் இருக்கிறது, கடையில் இல்லை. வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் என்று என்னைப் பிரதிநிதி ஆக்கினீர்கள். என்ன கிழித்தேன்? குதிகால் வலி என்று ஒருத்தி அழுதால் அவளுக்கு ஒரு ஸ்டூல். அவள் வேலையை விட்டதும் ஸ்டூல் குடோனுக்குப் போய்விடும். அடுத்தவள் முதலிலிருந்து கெஞ்ச வேண்டும்.

ஆஷாவுக்கு ஆறாம் மாதம். நிற்கவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். மேனேஜர் கிருஷ்ணகுமாரிடம் போனேன். நான் எல்லோருக்கும் கேட்டதும் சிரித்தார்.

"ஆஷாக் கொச்சுக்கு ஒரெண்ணம் போட்டுக்கோ நீது. பாக்கி ஆளுங்க நிக்கட்டே."

நிர்வாகம் எதையும் எழுதித் தருவதில்லை. என் காதில் சொல்வார்கள், நான் போய் உறுப்பினரிடம் சொல்ல வேண்டும். அதுதான் இங்கே நடைமுறை.

ஆஷா மாடிப்படியில் காத்திருந்தாள். "எந்தாச்சு சேச்சி? காலு வீங்கி செருப்பு ஏறல்லே. வயித்துக்குள்ள இருக்கிறவனும் நம்ம மெம்பர்தானே, சந்தா மட்டும் குடுக்கல்லே."

"தரமாட்டேன்னுட்டாரு. ஓணம் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ," என்றேன்.

அவள் உட்கார்ந்துவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். பிறகும் வந்து கேட்டாள். அதையே சொன்னேன்.

ஓண விற்பனை நெரிசலில், பட்டுச்சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவள் அதன்மேலேயே சாய்ந்தாள். குழந்தை தங்கவில்லை. மறுநாள் காலை பிரிவே தரையில் உட்கார்ந்தது. நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் ஸ்டூல் வந்தது. நீங்கள் இத்தனை வருடம் பேசிப் பேசி வாங்க முடியாதது.

இப்போது கிருஷ்ணகுமார் உங்களிடம் வந்து, ஆஷாவின் ஸ்டூலுக்கு அன்றைக்கே சம்மதித்தேன் என்கிறார். உண்மைதான், சம்மதித்தார். அவள் விழுவாள் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். என்றைக்கு என்றுதான் தெரியாது.

"அவகிட்ட மன்னிப்பாவது கேளு பிள்ளே," என்கிறீர்கள். எதற்கு? இனி அந்தக் கடையில் பிள்ளைத்தாய்ச்சி எவளும் நிற்கப்போவதில்லை. ஆஷாவும்தான். அவளுக்காகத்தான் இதைச் செய்தேன்.

பதவியைத் திருப்பிக் கேட்கிறீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள். தம்பானூரில் பஸ் நிற்கும், நான் கிளம்புகிறேன். நம் கடையின் வித்துரா கிளையில் பெண்களைக் கழிப்பறைக்கு விடுவதில்லையாம். விஜயலக்ஷ்மி என்று ஒருத்தி சிறுநீரகக் கல்லோடு நின்றுகொண்டிருக்கிறாள். உங்கள் வழியாக வேண்டாம், நானே பேசி வாங்கித் தருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். பாவம், போனிலேயே அழுதுவிட்டாள். என்னைத்தான் நம்பியிருக்கிறாளாம்.