பெரிய சாஃப்ட்பாக்ஸுக்கு மெல்லிய ஸ்டாண்ட்

புதிதாக ஸ்டூடியோ தொடங்குகிறவர்கள் கேமராவைப் பற்றி ஊரெல்லாம் விசாரிப்பார்கள். ஃப்ளாஷைத் தாங்கி நிற்கிற ஸ்டாண்டை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். நான் அப்படியில்லை. கால்களை முழுக்க விரித்து, கம்பியை உச்சிவரை உயர்த்தி, அசைத்துப் பார்ப்பேன். திருகு கொஞ்சம் வழுக்கினாலும் வேண்டாம் என்றுவிடுவேன். என்னைக் கண்டாலே கடைக்காரர்களுக்கு முகம் சுருங்கும்.

ஸ்டூடியோ எனக்கும் என் அக்காவின் கணவருக்கும் பொது. படம் எடுப்பது அவர், வெளிச்சம் அமைப்பது நான். எங்களிடம் ஆள் உயரத்துக்கு ஒரு சாஃப்ட்பாக்ஸ் உண்டு. கறுப்புக் கூடாரம் மாதிரி இருக்கும். முன்பக்கம் வெள்ளைத் துணி. உள்ளே ஃப்ளாஷ் வெடித்தால் அந்தத் துணி வழியாக வெளிச்சம் பால் மாதிரி இறங்கும். முகத்தில் ஒரு கடுமை இருக்காது. அந்தத் துணி சுத்தமாக இருக்க வேண்டும். நான் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

அவரை வாடிக்கையாளர்கள் சிரிப்பு மாமா என்பார்கள். அவர் முன்னால் உட்கார்ந்த எந்தக் குழந்தையும் சிரிக்காமல் எழுந்ததில்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் கேமராவுக்குப் பின்னால் என்ன செய்வார் என்பது எனக்குத்தான் தெரியும். லென்ஸில் தூசி பட்டால் கட்டைவிரலை நக்கித் துடைப்பார். வாயால் மூச்சு விடுவார். அவருடைய உள்ளங்கை எப்போதும் ஈரம். அவர் தொட்ட ஸ்டாண்டை நான் தொடும்போது கம்பி கொழகொழவென்று இருக்கும். சீப்பை ஃப்ளாஷ் உறைக்குள் வைப்பார். ஒருமுறை உறையைத் திறந்தேன். சீப்போடு முடிச் சுருளும், பாதி கடித்த பன்னும் இருந்தன. பன்னில் அவருடைய பல்தடம் இருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"மச்சான், உன் பொண்டாட்டிய தூக்கிட்டு வா" என்பார். சாஃப்ட்பாக்ஸைத்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன், அதைத் துடைத்துத் துடைத்து வைக்கிறவன் என்று அந்தக் கிண்டல். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவர் கெட்டவரா என்று கேட்டீர்கள். இல்லை. குடிக்க மாட்டார். அக்காவை ஒரு வார்த்தை அதட்டியதில்லை. எனக்குத் தன் வீட்டிலேயே ஓர் அறை ஒதுக்கிக் கொடுத்தார். போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. படுக்கையிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். அக்கா துணி எடுக்க ஓடினாள். அதற்குள் அவர் வெறும் கையால் அதை அள்ளிவிட்டார். "ஒண்ணுமில்ல மச்சான், படு" என்று அந்தக் கையால் என் நெற்றியைத் தொட்டார்.

அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை. கழுவிவிட்டு வந்துதான் தொட்டார். எவ்வளவு நேரம் கழுவினார் என்று குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். போதாது.

பிறகு ஒரு நாள் மத்தியானம். அக்கா மகளை உட்கார வைத்து வெளிச்சம் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்குச் சளி. அவர் பேசிக்கொண்டே சாஃப்ட்பாக்ஸின் வெள்ளைத் துணியை இழுத்து அவள் மூக்கைத் துடைத்தார். பிறகு அதே துணியால் தன் கழுத்தையும் துடைத்துக்கொண்டார்.

"அத்தான்" என்றேன்.

"துவைச்சா போயிடும் மச்சான். துணிதானே."

சாப்பாடு கொண்டுவந்திருந்த அக்கா வாசலில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தாள். நான் துணியைக் கழற்றித் துவைத்தேன். மறுபடி துவைத்தேன். அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு படத்திலும், கன்னத்தில் வெளிச்சம் விழுகிற இடத்தில் அந்தச் சளியின் மஞ்சள் எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை. என் அக்கா அந்த மனிதரோடு ஒரே படுக்கையில் தூங்குகிறாள் என்று அன்றைக்குத்தான் சரியாக யோசித்துப் பார்த்தேன். அவளுக்காக யாராவது ஏதாவது செய்ய வேண்டும் என்று பட்டது.

அந்த வாரம்தான் புது ஸ்டாண்ட் வாங்கினேன். மெல்லியது. ஃப்ளாஷுக்கு மாட்டுகிற சின்னக் குடைக்கு மட்டும் ஆகும் என்று கடைக்காரரே சொன்னார். "உங்க பெரிய பாக்ஸ இதுல மாட்டிடாதீங்க சார், காத்துல பாய்மரம் மாதிரி இழுத்துட்டுப் போயிடும்" என்றார். தெரியும் என்றேன்.

எங்கள் கட்டடத்து மொட்டைமாடியில் ஒரு பக்கம் மட்டும் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம். அந்தப் பக்கம் வானம் தடையில்லாமல் கிடைக்கும். சாயங்காலக் காற்று எப்போதும் மாடிப்படிப் பக்கமிருந்து அந்தச் சுவரை நோக்கி அடிக்கும். வானத்தைப் பின்னணியாக வைத்துப் பார்க்கலாம் என்றேன். நல்ல யோசனை என்றார் அவர்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. ஸ்டாண்ட் சாய்ந்தால் அதைப் பிடிக்க அவர் ஓடி வர மாட்டார். ஸ்டூடியோவுக்குள் ஒருமுறை ஃப்ளாஷ் விழுந்து நொறுங்கியது. இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார். பொருள்மேல் அவருக்கு மதிப்பு கிடையாது. மனிதர்கள் விஷயம் வேறு. படம் எடுக்க வந்த ஒரு வயதான அம்மா படியில் சறுக்கியபோது, மேலிருந்து பாய்ந்து தன் முதுகைக் கொடுத்து அவரைத் தாங்கினார். ஆகவே ஸ்டாண்டுக்குக் கீழே யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். வேகமாக ஓடி வருகிற அளவுக்கு வேண்டியவராகவும் இருக்க வேண்டும்.

ஸ்டூலைச் சுவருக்கு இரண்டு எட்டு முன்னால் போட்டு அக்கா மகளை உட்கார வைத்தேன். பெரிய சாஃப்ட்பாக்ஸை மெல்லிய ஸ்டாண்டில் மாட்டி, அவள் தலைக்கு மேல் சாய்கிற மாதிரி முழு உயரத்துக்கு ஏற்றினேன். சாயாமலிருக்க வைக்கிற மணல் பைகளை ஸ்டாண்டின் காலில் வைக்கவில்லை. கீழே ஸ்டூடியோவில் வரிசையாகத்தான் இருந்தன. "அசையாம உக்காரு கண்ணு, அப்பாவைப் பாரு" என்றேன். அவள் உட்கார்ந்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

காற்று வந்தது. துணி உப்பியது. அவர் கேமராவைத் தரையில் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஒரு கையால் குழந்தையை ஸ்டூலோடு தள்ளினார். மறு கையால் கம்பியைப் பிடித்தார். விட்டிருக்கலாம். அவள் இன்னும் அதற்கடியில் இருக்கிறாள் என்று நினைத்திருப்பார்போல, விடவில்லை. சாஃப்ட்பாக்ஸ் அவரையும் இழுத்துக்கொண்டு போனது. நான்கு மாடி. அவர் கத்தவில்லை. குழந்தைதான் கத்தினாள்.

அவருக்குக் காரியம் செய்து முடித்த பிறகு அக்கா என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"மணல் பை வைக்க மறந்துட்டியாடா?"

மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தேன்.

"மறந்துட்டேன்னு சொல்லு. சொன்னா நம்பிடறேன். உன்மேல சத்தியமா நம்பிடறேன்."

சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அவளுக்கே தெரியும், நான் எதையும் மறக்கிறவன் இல்லை. "நான் எதையும் மறக்கல அக்கா" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். பன்னைப் பார்த்தபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. தன் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். குழந்தையின் கட்டிலை என் பக்கத்துச் சுவரிலிருந்து தள்ளி நகர்த்துகிற சத்தம் கேட்டது.

நீங்கள் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று எழுதி முடித்துவிட்டதாகச் சொன்னார்கள். அதைத் திருத்தத்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். கவனக்குறைவு எதுவும் இல்லை. ஸ்டாண்ட், அதன் உயரம், காற்று, சுவர் எல்லாம் நான் தேர்ந்தெடுத்தவை. அவரைக் கொன்றது நான்.

குழந்தை அன்றிலிருந்து பேசவில்லை என்கிறீர்கள். அது பயம், போய்விடும். ஸ்டூலை எங்கே போடுவது என்று நான் எத்தனை முறை இடம் மாற்றிப் பார்த்தேன் என்று யாருக்கும் தெரியாது. அவள்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. அந்த வீட்டில் அவள்மேல் அவ்வளவு அக்கறை உள்ளவன் நான் ஒருவன்தான். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.