அரை ஆம்பியர்

டிரான்சிஸ்டர் வாங்கும்போது நான் அவசரப்படுவதே இல்லை, ஐயா. குவாங்ஹுவா எலெக்ட்ரானிக்ஸ் சந்தையில் என்னைக் கண்டாலே கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்கள் சொல்லும் ஆம்பியர் கணக்கெல்லாம் ஜில்லென்று இருக்கும் வரைக்கும்தான். சூடேறினால் பாதிகூடத் தாங்காது. இதையே சொல்லிச் சொல்லி அவர்கள் உயிரை வாங்குவேன். பக்கத்தில் நின்று என் மனைவி யுவே-நூ என் மானத்தை வாங்குவாள்.

"ஏ மொட்டை, என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப டீ ஆறுறதுக்குள்ள சரின்னுட்ட. இந்த மூணு கால் பூச்சிக்கு இவ்வளவு நேரமா?"

என்னை மொட்டை என்று கூப்பிட உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் துணிச்சல். மற்ற எல்லாருக்கும் நான் சியூ சார்.

எங்கள் அடுக்குமாடியில் கரண்ட் போனால் லிஃப்டைப் பக்கத்து மாடிக்கு நகர்த்திக் கதவைத் திறந்துவிட ஒரு பேட்டரி உண்டு. அதைச் சோதிக்கும் வேலையை, ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன்தானே என்று என் தலையில் கட்டினார்கள். சோதிக்கும் கருவியை நானே செய்தேன். தடித்த டிரான்சிஸ்டர்கள் இரண்டு, இருபது ஆம்பியர் உறிஞ்சும். நோஞ்சான் பேட்டரி அங்கேயே படுத்துவிடும். எங்களுடையது படுத்தது.

அந்த வாரம்தான் சங்கத் தலைவி லியென் அம்மா, கீழ்த்தளத்தில் இருந்த என் வேலை மேசையைக் குப்பை என்று சொல்லித் தூக்கச் சொன்னார். கூட்டத்தில் அதற்கு முதலில் கை தூக்கியது யுவே-நூ. நான் கோபப்படவில்லை. டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றினேன். அரை ஆம்பியருக்கு மேல் இழுக்காத சின்னது. அதன் முன்னால் செத்த பேட்டரிகூட மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிற்கும். எல்லாரையும் கூட்டிவைத்துச் சோதித்துக் காட்டினேன்.

"புது பேட்டரிச் செலவு மிச்சம், சியூ சார்" என்று லியென் அம்மா கை தட்டினார்.

ஆகஸ்டில் ஒருநாள் மதியம் கரண்ட் நிறுத்தப்போவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். லியென் அம்மா அந்த நேரத்துக்குத்தான் தினமும் மேலே ஆர்கிட் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போவார். யுவே-நூ நோட்டீஸ் படிக்கிற ரகம் இல்லை. மழை வரும் போலிருக்கிறது, மேலே துணி காய்கிறதே என்று அவளிடம் சொன்னேன். எந்தப் புருஷனும் சொல்வதுதான்.

கரண்ட் போனது. லிஃப்ட் நடுவழியில் நின்றது. விளக்கு, காற்றாடி, அவசர மணி எல்லாமே அந்தப் பேட்டரியை நம்பித்தான். லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கும் சாவி என் இடுப்பில் இருந்தது. நான் கீழே உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளேயிருந்து தட்டினார்கள். சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது தட்டுவது நின்றிருந்தது.

அப்புறம் லியென் அம்மா காலிப் பூவாளியோடு படிக்கட்டில் இறங்கி வந்தார். எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

உள்ளே இருந்தது லியென் அம்மா என்றுதான் கடைசிவரை நினைத்தேன், ஐயா. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கதவு கனமானது, குரல் சரியாகவும் கேட்கவில்லை. "ஏ மொட்டை, விளையாடாத, திற, மூச்சு முட்டுது" என்று மட்டும்தான் கேட்டது.