கிராணியார் வீட்டு ஸ்ட்ராபெரி

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, ஸ்ட்ராபெரிச் செடி நம் ஈப்போ வெயிலில் காய்ப்பது அரிது என்பதை முதற்கண் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மலையிலிருந்து கொண்டுவந்த நாற்றுகளில் நான்கைத் துரைசானி அம்மாள் எனக்கு அன்புடன் அளித்தார். தாய்ச்செடி நாலாபக்கமும் கொடி ஓட்டும். ஓடிய இடத்தில் வேர்விட்டுத் தனிச்செடியாகிவிடும். கொடியை நறுக்கி, நெருக்கத்தைக் களைந்தால்தான் தாய் பழம் தருமாம். ஆகவே காலைதோறும் கத்தரிக்கோலுடன் குனிந்தேன்.

என் மனைவி கத்தரின் சிரிப்பாள். "போற கொடி போவட்டுமேங்க. ரெண்டு வருசமா வெட்டுறீங்க, ஒரு பழமாச்சும் குடுத்துச்சா?"

அவளுக்கு எழுத்து தெரியாது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் எல்லாருக்கும் கடிதம் படிப்பதும் எழுதுவதும் கணக்கெழுதும் கிராணியாகிய நானே. பத்து காஜா என்னும் ஊரிலிருந்து அவள் அக்கா ரோசம்மா மாதந்தோறும் எழுதுவார்: இங்கே ஆயா வேலை இருக்கிறது, வந்துவிடு. அந்த வரியை நான் வாசிப்பதில்லை. ஆயினும் கத்தரின் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அக்காகிட்ட ஒரு மாசம் இருந்துட்டு வாரேங்க."

வேர்விட ஒரு மாதம் போதும்.

ஆகையால் 1927 ஜூலையில், அக்கா காய்ச்சலில் இறந்துவிட்டதாகக் கத்தரினுக்கு வாசித்தேன். கத்தரின் காய்ச்சலில் இறந்துவிட்டதாக அக்காவுக்கு எழுதினேன். ஒருவர் என் எதிரிலும் ஒருவர் கடிதத்திலும் அழுதார்கள். இருவருக்கும் ஆறுதல் கூறினேன். அதன்பின் கத்தரின் போகிறேன் என்று கேட்கவில்லை. போக இடமில்லை.

கல்லறைத் திருநாளை நான் எண்ணிப் பார்க்காதது என் பிழையே. நவம்பர் இரண்டாம் தேதி தங்கையின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்ற வருவதாக ரோசம்மா எழுதினார்.

"யாருங்க எழுதியிருக்காங்க?" என்று கத்தரின் எட்டிப் பார்த்தாள்.

"ஆபீஸ் காகிதம்" என்றேன்.

பதினொரு நாட்களுக்குள் ஒரு கல்லறை வேண்டியிருந்தது. லாலான் புல்லை அழிக்கும் மருந்து என் பொறுப்பிலிருந்த கிடங்கில் இருந்தது. நானே காப்பி கலந்து கொடுத்தேன்.

"என்னங்க புதுசா? மழை வரப்போவுது" என்று மகிழ்ந்து குடித்தாள்.

காய்ச்சல் என்றே எல்லாரும் நம்பினார்கள். நறுக்கிய கொடிகளில் ஒன்றை, முதன்முறையாக எறியாமல், அவள் தலைமாட்டில் ஊன்றினேன்.

ரோசம்மா வந்தார். மெழுகுவத்தியை நட்ட கையை எடுக்காமல் மண்ணைத் தடவினார்.

"ஜூலையில போனவ மேல மண்ணு இன்னும் புதுசா, ஈரமா இருக்கே, தம்பி?"

"செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன், அக்கா" என்றேன்.

ஐயா, என் வாழ்நாளில் நான் சொன்ன பொய் அது ஒன்றே.