மாடி வீட்டுக்குப் புது ஆள்

– அந்தச் செவுத்துல என்னம்மா கீறல்?

– கட்டில் உரசினது சார். அம்மா கட்டில்.

– இங்க பாரும்மா, நான் ஒளிவு மறைவு இல்லாத ஆளு. கீறல்னா பெயின்ட்டு. பெயின்ட்டுன்னா அட்வான்ஸ்ல கழிச்சுடுவேன். அப்புறம் வீட்டு ஓனர் வயித்துல அடிச்சுட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியக் கூடாது.

– கழிச்சுக்கங்க.

– என்ன, உடனே தலையாட்டுற? வாடகைய ஏத்தறேன்னதுக்கு உன் வீட்டுக்காரன் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினானே.

– அவர் கத்திட்டு மறந்துடுவார் சார். கீழ வண்டியில சாமான் ஏத்திட்டிருக்கார். அதான் நான் சாவி குடுக்க வந்தேன்.

– உனக்குப் பொறுமை ஜாஸ்தி. தையல் மெஷின்ல உக்கார்ற பொண்ணு இல்லையா, அப்படித்தான் இருக்கும். உள் ரூமக் காட்டு. ஜன்னல் கொக்கி எங்க?

– அது நாங்க வர்றப்பவே இல்ல சார். அம்மா ஒரு துணிநாடாவால கட்டி வச்சிருந்தாங்க. இந்த ஜன்னலோரத்துலதான படுத்திருந்தாங்க.

– அந்தக் கதைய இப்ப எதுக்கு எடுக்கிற?

– கொக்கியக் கேட்டீங்க, சொன்னேன்.

– இங்க பாரும்மா. ஆஸ்பத்திரியில கைய விரிச்சாங்க, நீங்க பேசாம உங்கம்மாவ வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டீங்க. உசுரு இங்க போயிருந்தா அடுத்து எவன் குடி வருவான்? மாடி வாடகைதான் எனக்குச் சோறு. வேற எங்கயாவது கொண்டுபோய் வச்சுக்கங்கன்னேன். இதுல என்ன தப்பு?

– வேற எங்க சார் இருந்துச்சு? ஆட்டோவுல வச்சுக்கிட்டு ஒவ்வொரு இடமா ஏறி இறங்கினோம். கடைசியில சிக்னல்ல நின்னப்போ என் மடியிலயே போயிட்டாங்க. பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுட்டே இருந்தான்.

– எல்லாம் அவங்கவங்க தலையெழுத்து.

– வீட்டுக்குப் போலாம், வீட்டுக்குப் போலாம்னே சொல்லிட்டிருந்தாங்க. இதப் போய் வீடுன்னு நம்பிட்டிருந்தாங்க, பாவம்.

– சரி, விடு. அதுக்கப்புறம் நானும் உஷாராயிட்டேன். இப்பல்லாம் வீடு பார்க்க யார் வந்தாலும் முன்னாடி படியேற விட்டு, நான் பின்னாடி ஏறுவேன். இருமறாங்களா, இளைக்குதான்னு பார்ப்பேன். படுக்கையில கிடக்கிற ஆளு உண்டான்னு மூஞ்சிக்கு நேராவே கேட்டுடுவேன்.

– புது ஆளையும் கேட்டீங்களா?

– விடுவேனா? பொண்டாட்டி புள்ள யாருமில்ல, தனிக்கட்டைன்னார். என்ன ஒரு நிதானம் தெரியுமா அந்த மனுஷனுக்கு. படி திரும்புற இடத்துலல்லாம் நின்னு, தெருவ வேடிக்கை பார்த்து, காத்து நல்லா வருதுங்கன்னு சொல்லிட்டு ஏறினார். இத்தனை நாள் இருந்தீங்களே, ஒரு வார்த்தை அந்தக் காத்தப் பத்திப் பேசியிருக்கீங்களா?

– இல்ல சார்.

– பேரமும் கிடையாது. ஒரு வருஷ வாடகைய மொத்தமா எடுத்து வச்சுட்டு, அக்ரிமென்ட்ல கையெழுத்தும் போட்டுட்டார். அந்தப் பணத்துலதான் மொட்டை மாடியில இன்னொரு போர்ஷன் எழுப்பறேன். மனுஷன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்.

– என்ன கேட்டார்?

– நாலு பேரு நீளமா எதையாவது தூக்கிட்டு இறங்கினா இந்தப் படி தாங்குமான்னார். சோஃபா கீஃபா வச்சிருப்பார் போல. தாராளமா இறங்கலாம்னேன்.

– இந்த உள் ரூம்லதான் படுப்பேன்னு சொல்லியிருப்பாரே.

– உனக்கெப்படித் தெரியும்?

– நான்தான் சார் அவர இங்க அனுப்பினேன்.

– அட. காலி பண்ற வீட்டுக்கு ஆளும் புடிச்சுக் குடுத்துட்டுப் போறியா? உனக்குத் தங்கமான மனசும்மா. நானா இருந்தா செய்ய மாட்டேன்.

– தங்கமும் இல்ல, தகரமும் இல்ல. எங்கம்மாவக் கொண்டுபோய் வைக்க வீடில்லாம சுடுகாட்டு வாசல்ல கிடத்தியிருந்தோமே, அன்னிக்கு நீங்க ஒரு எட்டு வந்திருந்தா அவர அடையாளம் தெரிஞ்சிருக்கும். வெளியூர்லேர்ந்து ஓடி வந்து, தலைமாட்டுல உக்காந்துட்டு எழுந்திருக்கவே மாட்டேன்னார்.

– யாரு அவரு?

– எங்க மாமா. அம்மா கூடப் பொறந்த தம்பி.

– இத ஏன் எங்கிட்ட மறைச்சீங்க? சரி, இருக்கட்டும். மாமாவா இருந்தா என்ன, மனுஷன் நல்ல மனுஷன்.

– ரொம்ப நல்ல மனுஷன் சார். ஆனா படியில நின்னது காத்துக்காக இல்ல. அடுத்த படி ஏற நெஞ்சுல தெம்பில்லாம நின்னார். அம்மாவுக்கு வந்த அதே நோவு. டாக்டர் நாள் குறிச்சுட்டார்.

– ஏய், என்ன சொல்ற நீ? இது அப்பட்டமான மோசடி. பணத்தத் திருப்பித் தந்துடறேன், வேற எங்கயாவது போய்க்கச் சொல்லு.

– எங்கம்மாகிட்டயும் இதைத்தான் சொன்னீங்க. அவர் போக மாட்டார் சார். பத்திரத்துல உங்க கையெழுத்து இருக்கு. இந்தாங்க சாவி.

– இரும்மா, போகாத. நாள எண்ணிட்டிருக்கிறவன் எவனாவது ஒரு வருஷ வாடகையக் கட்டுவானா?

– குடியிருக்கவா கட்டினார்? எங்கக்காவ அவன் சாக விடாத ரூம்ல நான் போய்ச் சாகறேன்னு சொல்லித்தான் சார் கட்டினார்.