வர முடியாதவளின் சாட்சி

புளி மூட்டை தூக்குகிறவனுக்கு இடது தோள்தான் முதலில் போகும். எனக்கும் அதுதான் போனது. சாய்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன் ஐயா, வரி கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சென்றாயன். ஞானஸ்நானத்தில் வேறு பெயர் வைத்தார்கள். பாப்பாரப்பட்டி மண்டியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடவில்லை. நாற்பத்தாறு வயதில் எழுத்துப் படித்தேன். சொல்லிக்கொடுத்தவள் எங்கள் சபைத் தையல்காரி ராணியம்மாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

"மூட்டை மேல இருக்கற நம்பர் தெரியுது, யோவான் தெரியலையாண்ணா?" என்று சிரிப்பாள்.

நவநீதன் ஓசூரிலிருந்து வந்து எங்கள் சபையில் சேர்ந்தவன். ஒரு கம்பெனிக்குப் பங்கு போட ஆள் பிடித்துக்கொடுத்தான். கிறிஸ்தவர்களுக்கு மட்டும் போன் வழியாக விற்கிற கம்பெனி. வசனம் எழுதிய கடிகாரம், ஜெப எண்ணெய், பைபிள் உறை. ஊருக்கு ஊர் விசுவாசிகள் இருக்கும்போது சரக்கு எப்படித் தேங்கும் என்றான். நியாயமாகப் பட்டது. மனை விற்ற இரண்டு லட்சத்தைப் போட்டேன். மாதாமாதம் லாபம் போனில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை, கர்த்தர் செய்த நன்மையை எல்லார் முன்னும் சொல்கிற சாட்சி நேரத்தில் எழுந்து அதைச் சொன்னேன். சாட்சி சொன்னவனை எங்கள் சபையில் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. ராணியம்மாள் மட்டும் வெளியே செருப்பு மாட்டும்போது கேட்டாள்.

"லாபத்தக் கையில வாங்கிப் பாத்தியாண்ணா?"

"பாத்தேம்மா."

போனில் பார்த்ததும் பார்த்ததுதானே.

இதய வால்வு ஆபரேஷனுக்கு வைத்திருந்ததை அவள் போட்டாள். ஆறு மாதம் பொறுத்தால் மகள் காவியாவின் படிப்புக்கும் ஆகும் என்று நினைத்தாள். நாலாம் மாதமே மூச்சு முட்டி, தருமபுரி ஆஸ்பத்திரியில் படுத்தாள். கம்பெனியில் போனை எடுக்கவில்லை. நவநீதன் எடுத்தான்.

"மறைக்கலீங்கண்ணா, உள்ள காசு இல்ல. புதுசா ஆறு வூட்டச் சேத்துவுடுங்க, உங்க முதல் மட்டும் வெளிய வந்துரும்."

"ராணியம்மாளுது?"

"ஒருத்தருக்குத்தாங்க ஆவும்."

அவளைப் பார்க்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இனி யாரும் போட வேணாம்னு சபையில சொல்லிருண்ணா. எஞ்சாட்சின்னே சொல்லு."

வர முடியாதவர்களின் சாட்சியை இன்னொருவர் கொண்டுபோய்ச் சொல்வது எங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை எழுந்தேன். ராணியம்மாள் சொல்லியனுப்பினாள் என்றேன். அவள் பணம் லாபத்தோடு வந்துவிட்டது, ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று, எல்லாரும் பயப்படாமல் போடச் சொன்னாள் என்றேன். சபையில் மூத்தவள் நஞ்சம்மாள் அழுதேவிட்டாள். சபையே கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னது. செவ்வாய்க்கிழமைக்குள் ஆறு வீட்டார் போட்டார்கள்.

இப்போதெல்லாம் சாட்சி நேரம் வந்தால் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்து நிற்கிறாள். முக்காடு முகத்தை மறைத்திருக்கிறது. பாஸ்டர் அவளைக் கூப்பிடுவதில்லை. கடைசிப் பாட்டு முடியும்வரை தன் முறைக்காக நிற்கிறாள். பக்கத்தில் இருப்பவர்கள் அவளுக்கு இடம் விட்டு உட்காருவதுபோலத்தான் எனக்குத் தெரிகிறது. மூன்று வாரம் பார்த்தேன். நீங்கள் கூப்பிடாமலே நான் ஸ்டேஷனுக்கு வந்தது அதனால்தான்.

தேதி கேட்டீர்கள். என் இரண்டு லட்சம் அந்த வார வியாழக்கிழமை காலையில் கைக்கு வந்தது. சேலத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்றரை லட்சம் கட்டினால் உடனே சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். காவியா வார்டுக்கும் வாசலுக்குமாக நடந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தாள். பணம் என் மடியில் இருந்தது. எடுத்தால் எங்கிருந்து வந்தது என்று ராணியம்மாள் கேட்பாள். அந்த நிலையில் அவளை வருத்தப்பட வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை விடியும்வரை உயிர் இருந்தது. அந்த இரண்டு நாளும் வார்டு வாசலில் முழங்கால் போட்டு அவளுக்காக ஜெபித்தேன். ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை. காவியாவைக் கேளுங்கள் ஐயா, அவளே சொல்வாள்.