ஒன்பதாவது பாட்டு

— உனக்கு இன்னிக்கு மத்தி கிடையாது, வேத்ரான். நகரு, அடுத்த ஆளு வரட்டும்.

— என்ன நெவென்கா அக்கா இது, தட்டு நிறைய மினுமினுன்னு கிடக்குதே!

— கிடக்கும். என் பொண்ணுக்கு ரெண்டு நட்சத்திரம் போட்ட கைக்கு நான் மீன் எடுத்துத் தரமாட்டேன்.

— உங்க பொண்ணுக்கா? நான் எப்போ...

— வியாழக்கிழமை பேப்பர்ல. ‘இந்த மாசத்துப் புது இண்டி பாப் ஆல்பங்கள்’, பக்கத்துலயே உன் மூஞ்சி. ஒரு பாட்டுக்கு மேல கேட்டிருக்கமாட்டான்னு மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது.

— இருங்க, இருங்க. ‘உப்புக் காத்து’ன்னு அட்டையில பாடகி பேர் போட்டிருந்துதே, அது உங்க லொரேனாவா? அதாவது... சத்தியமா தெரியாதுக்கா.

— தெரிஞ்சிருந்தா?

— ...ரெண்டரை.

— அடப்பாவி! பன்னெண்டு வருஷமா சனிக்கிழமை தவறாம என்கிட்ட மீன் வாங்கித் தின்னுட்டு, அரை நட்சத்திரமா!

— விமர்சகன்னா அப்படித்தான் இருக்கணும்க்கா.

— ஆமா, ரொம்ப நியாயஸ்தன். அதே பக்கத்துல அந்த லுப்லியானா ஊர்ப் பசங்க மூணு பேருக்கு மட்டும் நாலரை! வேன்ல போட்டுக் கேட்டேனே. பல்வலிக்காரன் போர்வைக்குள்ள முனகுற மாதிரி இருக்கு.

— அது மென்மைக்கா! கிதாரைக் கவனிச்சீங்களா? குரலுக்கு எடம் விட்டு எப்படி ஒதுங்கி நிக்குது!

— கிதார்காரன் தூங்கிட்டான் தம்பி. அதைப் போய் ஒதுங்கி நிக்குதுங்கறே. அப்புறம் அந்த ஜாக்ரெப் பையன்?

— அவன் படுக்கையறையிலேயே உட்கார்ந்து முழு ஆல்பத்தையும் தனி ஆளா பண்ணியிருக்கான்.

— கேட்டாலே தெரியுது. ஜன்னலையாவது திறந்து வெச்சுட்டுப் பண்ணியிருக்கலாம்.

— ஹ! இந்த வரியை நான் எடுத்துக்கலாமா?

— எடுத்துப் பாரு, கணவாய் மையை மூஞ்சியில ஊத்திடறேன். என் பொண்ணு விஷயத்துக்கு வா. அவ ஆல்பத்துல என்ன குறை? வாயால சொல்லு, கேட்போம்.

— சொல்றேன். முதல்ல அந்தக் கத்தியைக் கீழே வையுங்க.

— கத்தி கையிலதான் இருக்கும். நீ சொல்லு.

— அதாவது, எட்டுப் பாட்டும் ஒரே நடை. குரல் மேல எக்கோவை அள்ளிக் கொட்டியிருக்காங்க, கிணத்துக்குள்ளேர்ந்து யாரோ கூப்பிடற மாதிரி. அதுவும் இங்கிலீஷ்ல. நம்ம ரியேக்கா துறைமுகத்துல பொறந்து வளர்ந்த பொண்ணு, கலிஃபோர்னியா வெயிலுக்கு உருகுது. இங்க மலையிலேர்ந்து இறங்குற புரா காத்து அடிச்சா கதவே கையோட வருது. அதைப் பாடினா ஆகாதா?

— ம்.

— கோவமாக்கா?

— கோவம் என்ன. இதையேதான் நானும் அவகிட்ட சொன்னேன். ‘உனக்கு மீனைப் பத்தித்தான் தெரியும், பேசாம இரு’ன்னுட்டா.

— பாருங்க! அப்போ நாம ஒரே கட்சி.

— ஒட்டிக்காதே. ஒன்பதாவது பாட்டைப் பத்தி எழுதினியே, அதைச் சொல்லு.

— அந்த ரெண்டு நட்சத்திரமே அதுக்குத்தான்க்கா! ஒரு பேர்கூட வைக்கலை. வாத்தியம் கிடையாது. ரெண்டே நிமிஷம், நம்மூர்ப் பேச்சுல. படகு இன்னும் வரலை, ரொட்டி ஆறிப்போச்சுன்னு. நடுவுல மூச்சு வாங்குது, ஒரு அடி மறந்துபோய் ம்ம்ம்னு இழுக்கறா, தனக்குத்தானே சிரிச்சுக்கறா. கேட்டுட்டு நான் பஸ்ஸைத் தவறவிட்டேன், தெரியுமா? மறுபடி கேட்டேன், அடுத்த பஸ்ஸும் போச்சு. மத்த எட்டையும் தூக்கிப் போட்டுட்டு இந்தக் குரல்லயே பாடுன்னு எழுதினேன்.

— எழுதினே. எனக்கு மனப்பாடம். ‘இந்த ஒரு பாட்டுலதான் உயிர் இருக்கு.’

— நல்லதுதானே சொன்னேன்?

— ரெண்டு நாளா என் பொண்ணு என்கூட முகம் கொடுத்துப் பேசலை, தம்பி.

— என்னக்கா சொல்றீங்க?

— டப்ளின்ல அவ சித்தப்பா பொண்ணு இருக்கா. ஹோட்டல்ல படுக்கை விரிக்கிற வேலை வாங்கித் தர்றேன்னாளாம். பாட்டும் வேணாம் கூத்தும் வேணாம், நான் போறேங்கறா.

— ஐயோ. ரெண்டு நட்சத்திரத்துக்காகவா?

— அதைப் பார்த்துச் சிரிச்சா. ‘இந்த ஆளு காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுக் கேட்டிருக்கான்’னா. அப்புறம் கீழ அந்த ஒன்பதாவதைப் பத்தி நீ எழுதினதைப் படிச்சா பாரு, அப்போதான் முகம் சுண்டிப்போச்சு.

— புரியலையேக்கா. பாராட்டினா வலிக்குமா?

— அதைப் பாடினது அவ இல்ல, வேத்ரான். நான்.

— நீங்களா?

— மார்ச் மாசம், கடையைக் கழுவி எடுத்து வைக்கறப்போ வாய்க்கு வந்ததை முணுமுணுத்துக்கிட்டிருந்தேன். பின்னாடி நின்னு போன்ல பிடிச்சிருக்கா. எனக்குத் தெரியாது. அம்மா ஒரு நாள் கேட்டா சிரிப்பான்னு, விளையாட்டாக் கடைசியில ஒட்டி வெச்சிருக்கா.

— அப்போ அந்த மூச்சு, அந்தச் சிரிப்பு எல்லாம் உங்களோடதா...

— சும்மா இரு, நான் சொல்லி முடிச்சுடறேன். அம்பத்தேழு வயசு. என் குரலை ஒருத்தர் நல்லாயிருக்குன்னு சொன்னது இதான் முதல் தடவை. அந்த அறையில பொண்ணு அழுதுட்டிருக்கா, இந்தப் பக்கம் நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு நீ எழுதினதைத் திரும்பத் திரும்பப் படிக்கறேன். வெட்கமாவும் இருக்கு, விடவும் முடியலை. நானெல்லாம் ஒரு தாயா?

— அப்படிச் சொல்லாதீங்கக்கா. வர்ற வியாழன் திருத்தம் போட்டுடறேன். யார் பாடினதுன்னு விவரமா...

— போட்டுத்தான் பாரேன், ஆயுசுக்கும் உனக்கு மீன் முள்ளுகூடக் கிடையாது. வர்ற வெள்ளிக்கிழமை பழைய கப்பல் பட்டறையில அவ கச்சேரி இருக்கு. இன்னிக்குக் காலைல நான் கிளம்பறப்போ சமையலறை வாசல்ல வந்து நின்னா. ரத்து பண்ணிட்டேன்னு சொல்லத்தான் வந்திருக்கான்னு நினைச்சேன்.

— பண்ணிட்டாளா?

— ‘நீ முன்னாடி நின்னு பாடும்மா, நான் பின்னாடி உட்கார்ந்து வாசிக்கறேன்’னா.